தவறிய உசாத்துணைகள்: மேற்கோள் மென்பொருட்களின் பதிப்பு மாற்றம் குறித்த ஒரு திறனாய்வு நோக்கு

உசாத்துணைகளைத் திரட்டி, வகைப்படுத்தி, எழுதுவோர் வேண்டும் இடத்தில் வேண்டும் வடிவில் எடுத்தளிக்கும் கணினி மென்பொருட்கள் இன்று பல்கலைக்கழக ஆய்வுடன் பிரிக்கவியலாதவாறு பிணைந்துள்ளன. என்ட்நோட், சொட்டேரோ, மென்டலி ஆகியன அவற்றுட் பரவலாக வழங்குவன. முன்னர் சிறு அட்டைகளிலும் அப்பியாசக் கொப்பிகளிலும் எழுதிச் சேர்க்கப்பட்ட குறிப்புக்கள் இவற்றின் வருகையோடு ஒரே களஞ்சியத்துள் அடங்கின. ஒரு நூலின் விவரத்தை ஒருமுறை பதிந்தாற் போதும். நூறு கட்டுரைகளில் நூறு வடிவில் அது தானே வந்து அமரும். இவ்வசதி பற்றிப் பலரும் பேசியுள்ளனர். இதன் மறுபக்கம் அத்துணை பேசப்படவில்லை. மென்பொருள் ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு மாறும்போதெல்லாம் ஆய்வாளருள் ஒரு சாரார் தம் உசாத்துணைகள் காணாமற்போயிருக்கக் காண்கின்றனர். பல்லாண்டு உழைப்பிற் சேர்ந்த களஞ்சியம் முற்றும் வெறுமையாகத் தோன்றலாம். குறிப்பு இருக்க, அதனுடன் இணைத்திருந்த கட்டுரைப் படி இல்லாதிருக்கலாம். ஆய்வேட்டினுள் இட்ட மேற்கோள் தன் மூலத்தை இனங்காணாது நிற்கலாம்.

‘காணாமற்போதல்’ என்னுஞ் சொல் இந்நாட்டிற் பெற்றுள்ள கனத்தை இதனைப் படிப்போர் அறிவர். கணினிக் கோப்புக்களுக்கு அதனை வழங்குவது பொருந்தாதாதலின் ‘தவறிய உசாத்துணை’ என்னுந் தொடரையே இனி இக்கட்டுரை கையாளும்.

இது பொறியியலாளருக்குரிய பொருள், தமிழாராய்ச்சி ஏடொன்றில் இதற்கு இடமென்ன என வினவுவாரும் உளர். ஆனால், ஒரு பாடம் இடம்பெயர்தல், சிதைதல், வேறு வடிவிற் படியெடுக்கப்படுதல், பின்னர் எஞ்சிய சான்றுகளைக் கொண்டு மீட்கப்படுதல் ஆகியவற்றை ஆராய்வதே மூலபாடத் திறனாய்வின் தொழில். தவறிய உசாத்துணையைத் தேடுவோர் தாம் அறியாமலே அத்தொழிலைச் செய்கின்றனர். அன்றியும், எது எளிதில் மீள்கின்றது, எது மீளாதொழிகின்றது என்பதனை நுணுகி நோக்குமிடத்து, இக்கருவிகள் யாருடைய அறிவை முன்னிறுத்தி ஆக்கப்பட்டவை என்பது வெளிப்படும். இவ்விரண்டாவது விடயமே எம்முடைய முதன்மைக் கரிசனை.

சொட்டேரோவின் வரலாற்றை முதலிற் கொள்ளலாம். அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாற்று ஆய்வு மையமொன்றில் உருவாகி 2006 ஒக்டோபரில் வெளியான இம்மென்பொருள் இலவசமானது. அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்தது. பெயர் அல்பேனிய மொழியினின்று பெறப்பட்டது. தேர்ச்சியுறத் தனதாக்கிக்கொள்ளுதல் என்பது அதன் கருத்து. தொடக்கத்தில் இது பயர்பொக்ஸ் என்னும் இணைய உலாவியின் உள்ளுறுப்பாகவே இயங்கியது. ஆய்வாளரின் தரவுகள் யாவும் அவ்வுலாவியின் பயனர் கோப்புறைக்குள், பொதுவாக எவரும் திறந்து பாராத ஆழத்திற் கிடந்தன. 2017 யூலையில் வெளியான 5.0 பதிப்பு உலாவியினின்று நீங்கித் தனித்து இயங்கலாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் வந்த பயர்பொக்ஸ் 57 பழைய வகை உள்ளுறுப்புக்களை ஏற்க மறுத்ததாதலின் இம்மாற்றம் தவிர்க்கவொண்ணாததாயிருந்தது. தரவுக் களஞ்சியத்தின் இருப்பிடமும் அதனோடு மாறியது. பயனரின் முதன்மைக் கோப்புறையில் தனியொரு கோப்புறை அதற்கென அமைந்தது.

பெரும்பாலோர்க்கு இவ்விடப்பெயர்வு தடையின்றி நிகழ்ந்தது. உலாவியில் ஒன்றும் தனி மென்பொருளில் ஒன்றுமாக இரு களஞ்சியங்களை வைத்திருந்தோரும், உலாவியிற் பல பயனர் விவரங்களைக் கொண்டிருந்தோரும் இடர்ப்பட்டனர். அவர்கள் முன் திறந்தது வெறுமையான களஞ்சியம். ஆனால் அவர்தம் குறிப்புக்கள் அழியவில்லை. பழைய இடத்தில் அவை பழுதின்றி இருந்தன. மென்பொருள் வேறிடத்தை நோக்கிக்கொண்டிருந்தது. வீடு மாறியவர் பழைய முகவரிக்கு வரும் கடிதத்தைப் பெறாதவாறு போன்றதே இது. கடிதம் எரிந்துவிட்டது என எண்ணி அழுவோர் ஒருபுறம். அவசரப்பட்டு எல்லாவற்றையும் நீக்கிப் புதிதாக நிறுவி உண்மையாகவே எரித்துவிடுவோர் மறுபுறம்.

ஆதலின் தேடலின் முதற்படி எதுவுஞ் செய்யாதிருத்தலே எனலாம். குறிப்பாக, இணையவழங்கியுடனான தன்னியக்க ஒத்திசைவை உடனே நிறுத்தல் வேண்டும். ஒத்திசைவுக்கு அழித்தலும் ஒரு செய்தியே; ஓரிடத்து நீக்கத்தை மற்றெல்லா இடத்தும் அது விசுவாசமாக நிறைவேற்றும். அதன்பின் மென்பொருளை மூடிவிட்டுக் கணினி முழுவதிலும் தரவுத்தளக் கோப்பைத் தேடல் வேண்டும். சொட்டேரோவைப் பொறுத்தவரை ஒரேயொரு எஸ்கியூலைட் கோப்பிலேயே குறிப்புக்கள் அனைத்தும் உள்ளன. அப்பெயரில் இரண்டு மூன்று கோப்புக்கள் அகப்படுமாயின் அவற்றின் அளவையும் திகதியையும் ஒப்பிட வேண்டும். சில நூறு கிலோபைற்று அளவினது வெற்றுக் களஞ்சியமாகவே இருக்கும். பல மெகாபைற்று அளவினதே எமக்கு வேண்டியது. பதிப்பு மாறித் தரவுத்தளத்தின் உள்ளமைப்பு மாற்றப்படுமுன் மென்பொருளே பழைய நிலையின் படியொன்றை எடுத்து வேறொரு பெயர்விகுதியோடு அருகிலே வைப்பதும் உண்டு. ஏட்டுப் பிரதிகளைத் திரட்டி, எது முந்தியது, எது நிறைவானது, எது ஒன்றைப் பார்த்தெழுதிய மற்றொன்று எனத் துணியும் பதிப்பாசிரியர் இம்முறையில் அந்நியம் எதனையும் காணார்.

என்ட்நோட்டின் நிலை சற்று வேறானது. இங்கே களஞ்சியம் ஒரு கோப்பும் ஒரு கோப்புறையுமாக இரு கூறாய் அமைந்துள்ளது. பெயரொற்றுமையுடைய அவ்விரண்டும் ஒரே இடத்தில் இருத்தல் வேண்டும். புதிய கணினிக்கும் புதிய பதிப்புக்கும் ஒருங்கே மாறுவோர் கோப்பினை மட்டும் எடுத்துச்சென்று கோப்புறையைக் கைவிட்டுவிடுவது பெருவழக்கு. விளைவு, குறிப்புக்கள் தோன்றும், இணைத்த கட்டுரைகள் தோன்றா. உடலையும் நிழலையும் போல இவை பிரியாதிருக்கும் என மென்பொருள் எதிர்பார்க்கின்றது. ஆனால் அவ்வாறு எதிர்பார்ப்பதனைப் பயனருக்கு அது உரக்கச் சொல்வதில்லை. இது வடிவமைப்பின் குறையேயன்றிப் பயனரின் அறியாமையன்று என்பதே எமது துணிபு.

இம்மென்பொருளில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் உண்டு. எழுதுவோர் வேர்ட் ஆவணத்தில் இடும் மேற்கோள், ஆசிரியர் பெயர், ஆண்டு ஆகியவற்றோடு இவ்வெண்ணையும் கொண்டே மூலப் பதிவை நாடிச் செல்கின்றது. பதிவுகளைப் புதிய களஞ்சியமொன்றுக்குப் படியெடுத்தாலோ எண்கள் புதிதாக இடப்படும். பழைய ஆவணம் பழைய எண்ணைச் சொல்லி அழைக்க, அவ்வெண்ணில் வேறொரு பதிவு இருக்கலாம், அல்லது ஒன்றுமே இல்லாதிருக்கலாம். தொல்காப்பியச் சூத்திரங்களின் தொகை இளம்பூரணர் உரையிலும் நச்சினார்க்கினியர் உரையிலும் ஒன்றாயிராமை தமிழ் மாணவர் அறிந்தது. எவர் உரைப்பதிப்பு எனக் குறியாது சூத்திர எண்ணை மட்டும் தந்த கட்டுரையாளரால் அலைக்கழிக்கப்படாத மாணவர் அரியர். எண் என்பது பொருளின் இயல்பன்று. ஒரு குறித்த வரிசையில் அது வகிக்கும் இடமே. வரிசை மாற, அடையாளமும் மாறும். லாடெக் முறையில் எழுதுவோர்க்கு எண்ணுக்குப் பதிலாகத் திறவுச்சொல் ஒன்று உண்டு. அதுவும் பதிப்பு மாற்றத்தில் வேறாகுமாயின் அச்சுப்படியில் மேற்கோள் வரவேண்டிய இடத்தில் ஒரு வினாக்குறி வந்து நிற்கும். அவ்வகையில் அது நேர்மையான முறை.

களஞ்சியமே அழிந்து காப்புப்படியும் இல்லாதவிடத்துச் செய்வதென்ன? இங்கேதான் இவ்விடயத்தின் சுவைமிக்க பகுதி தொடங்குகின்றது. மேற்கோள் மென்பொருளின் துணையோடு எழுதப்பட்ட ஆவணத்தில், கண்ணுக்குத் தெரியும் ‘கைலாசபதி, 1968’ என்பதன் பின்னே, கண்ணுக்குத் தெரியாத புலமொன்றில், அந்நூலின் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு முதலிய விவரங்கள் பொதிந்து வைக்கப்பட்டிருக்கும். சொட்டேரோவும் மென்டலியும் இவ்வாறு செய்கின்றன. என்ட்நோட் இதனைப் பயணக் களஞ்சியம் என வழங்குகின்றது. ஆகவே களஞ்சியம் தொலைந்தாலும் அதிலிருந்து எடுத்தாண்டு எழுதிய ஆய்வேடு கைவசம் இருக்குமாயின், மேற்கோள் காட்டப்பட்ட குறிப்புக்கள் அத்தனையையும் அவ்வாய்வேட்டினின்றே பிரித்தெடுத்துப் புதிய களஞ்சியமொன்றை ஆக்கலாம்.

தமிழிலக்கிய வரலாற்றில் இம்முறை பழமையானது. முத்தொள்ளாயிரம் நூலாக எமக்குக் கிட்டவில்லை. புறத்திரட்டு என்னுந் தொகைநூலார் எடுத்தாண்டமையாலேயே நூற்றுக்குச் சற்று மேற்பட்ட செய்யுள்கள் எஞ்சின. தகடூர் யாத்திரையின் செய்யுள்கள் சில அத்தொகையிலும் நச்சினார்க்கினியர் உரையிலும் அகப்படுகின்றன. குண்டலகேசியைப் பற்றி நாம் அறிவதிற் பெரும்பங்கு அதனை மறுக்க எழுந்த நீலகேசியின் உரைவழி வந்தது. மறுத்தவரே காத்தவருமாயினர்! யாப்பருங்கல விருத்தியுரைகாரர் பெயர் சுட்டும் யாப்பு நூல்களுட் பல இன்று அவர் காட்டிய சூத்திரங்களின் அளவிலேயே வாழ்கின்றன. மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்னும் நூலிற் செய்த வேலை, உரைகளினுள்ளே பொதிந்து கிடந்த மேற்கோள்களைப் பிரித்தெடுத்து இறந்துபட்ட நூல்களின் பட்டியலை மீளக் கட்டியெழுப்பியதே.

இவ்வொப்புமையை மேலும் ஒருபடி நீட்டலாம். உரையினின்று மீள்வது செய்யுளேயன்றி நூலின் ஒழுங்கன்று. அச்செய்யுள் எவ்விடத்து, எதனை அடுத்து நின்றது என்பது மீள்வதில்லை. அதே போல, என்ட்நோட்டின் பயணக் களஞ்சியத்தில் நூல் விவரம் இருக்கும். ஆய்வாளர் எழுதிவைத்த சொந்தக் குறிப்பும், கட்டுரைச் சுருக்கமும், இணைத்த படியும் இரா. எடுத்தாளப்படாதனவும் மீளா. படித்து, விலக்கி, ஆனால் மறவாதிருக்கக் குறித்துவைத்த நூல்கள் யாவும் இழப்பே. ஓர் ஆய்வாளரின் சிந்தனை எதனை ஏற்றது என்பதைப் போலவே எதனைத் தள்ளியது என்பதிலும் தங்கியுள்ளது. அத்தள்ளுதலின் வரலாற்றுக்கு ஆய்வேடு சாட்சி சொல்வதில்லை.

இன்னுமொன்று. ஆய்வேட்டை முடித்து ஒப்படைக்குமுன் மேற்கோள்களை வெற்றெழுத்தாக மாற்றிவிடும் வழக்கம் உண்டு. பதிப்பகத்தாரும் அவ்வாறு கேட்பர். அவ்வாறு மாற்றிய ஆவணத்தில் மறைபுலம் எதுவும் எஞ்சாது. நம் உரையாசிரியர் ‘என்றார் பிறரும்’ எனவும் ‘என்பதனாற் கொள்க’ எனவும் சொல்லிச் செல்லுமிடங்களில், செய்யுள் கிடைத்தும் அது எந்நூற் செய்யுளென அறியாது திகைக்கின்றோமல்லவா, அதற்கு நிகரானது இது. மாற்றுமுன் ஆவணத்தின் படியொன்றைத் தனியே வைத்தல் ஒரு நிமிட வேலை.

இனி உடைமை பற்றிய விடயத்துக்கு வருவோம். 2008 செப்ரெம்பரில் தொம்சன் ரொய்ட்டர்ஸ் நிறுவனம் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் மீது வெர்ஜீனியாவில் வழக்குத் தொடுத்தது. அப்போது என்ட்நோட் அந்நிறுவனத்தின் உடைமை. என்ட்நோட்டின் மேற்கோள் வடிவக் கோப்புக்களைச் சொட்டேரோ படித்து மாற்றவல்லதாயிற்று என்பதே முறைப்பாடு. ஆண்டுக்கு 1 கோடி டொலர் நட்டஈடு கோரப்பட்டது. 2009 யூனில் வழக்கு தள்ளுபடியாயிற்று. காற்புள்ளி எங்கு வரவேண்டும், ஆண்டு அடைப்புக்குள் வரவேண்டுமா என்பனவற்றைச் சொல்லும் ஒரு கோப்பின் மீது இத்துணை உரிமை கொண்டாடப்பட்டமை முதலாளியத்தின் வரலாற்றில் வியப்புக்குரியதன்று. ஆயினும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மென்டலியின் கதை இதனினும் தெளிவானது. இளம் ஆய்வாளர்களின் பகிர்வுக் களமாகத் தொடங்கிய அதனை 2013 ஏப்பிரலில் எல்சவியர் பதிப்பு நிறுவனம் வாங்கியது. 2018 யூனில் வந்த 1.19 பதிப்பு, பயனரின் கணினியிலேயே உள்ள தரவுத்தளத்தை மறைகுறியாக்கிப் பூட்டியது. அந்தரங்கப் பாதுகாப்பு காரணமாகக் கூறப்பட்டது. அத்தரவுத்தளத்தைப் படித்துக் குறிப்புக்களை இடம்மாற்றும் வழியொன்றைச் சொட்டேரோ அக்காலத்திற்றான் ஆக்கியிருந்தது. பூட்டுக்குப் பின் அவ்வழி அடைபட்டது. வேறு பொதுவடிவங்களில் ஏற்றுமதி செய்யும் வாயில் திறந்தே இருந்தது என்பதனையும் கூறுதல் நியாயம். ஆனால் கோப்புறை ஒழுங்கும், பக்க ஓரங்களில் எழுதிய குறிப்புக்களும் அவ்வாயிலால் முழுமையாக வாரா. 2022 செப்ரெம்பர் 1ஆந் திகதியுடன் பழைய மேசைக்கணினி மென்பொருளின் பதிவிறக்கம் நிறுத்தப்பட்டு, இணையவழங்கியையே முதன்மை இருப்பிடமாகக் கொண்ட புதியதொன்று அதன் இடத்தைப் பெற்றது. இங்கே ‘என் உசாத்துணை எங்கே?’ என்னும் வினாவுக்கு, ‘உமது கணினியிலேயே உள்ளது, ஆனால் நீர் திறக்கவியலாது’ என்பது விடையாகின்றது.

இவ்விரு நிறுவனங்களும் வெறும் கருவி விற்போர் அல்ல. யூஜின் கார்பீல்ட் 1960களில் தொடங்கிய அறிவியல் மேற்கோட் சுட்டியின் வழிவந்த வெப் ஒப் சயன்ஸ், என்ட்நோட்டைக் கொண்டுள்ள கிளாரிவேற் நிறுவனத்தின் கையில் உள்ளது. தொம்சன் ரொய்ட்டர்ஸின் அப்பிரிவு 2016இல் விற்கப்பட்டதிலிருந்து பிறந்ததே கிளாரிவேற். 2004இல் வெளிவந்த ஸ்கோப்பஸ் சுட்டி எல்சவியருடையது. எவர் எவரை மேற்கோள் காட்டினர் எனக் கணக்கிட்டுப் பல்கலைக்கழகங்களின் தரத்தையும் விரிவுரையாளர்களின் பதவியுயர்வையும் நிர்ணயிக்க உதவும் தராசும், ஆய்வாளர் தம் குறிப்புக்களை இட்டுவைக்கும் பெட்டியும் ஒரே உடைமையாளர் வசமிருக்கின்றன. அறிவுற்பத்திச் சாதனங்களின் உடைமை என நாம் பேசும்போது அச்சியந்திரத்தையும் காகிதத்தையும் நினைப்பது வழக்கம். உசாத்துணைப் பெட்டியையும் அப்பட்டியலிற் சேர்த்தல் வேண்டும்.

ஆயினும் உடைமை மட்டுமே யாவற்றையும் விளக்கிவிடும் எனக் கொள்வது எளிமைப்படுத்தலாகும். 2017இல் இடர்விளைத்தது இலவச, திறந்த மென்பொருளே. 2024 ஓகஸ்டில் அதன் ஏழாம் பதிப்பு வந்தபோதும், பழைய இணைப்புச் செயலிகள் புதிய பதிப்புக்கென மாற்றியமைக்கப்படும்வரை இயங்கவில்லை. வேறுபாடு யாதெனில், திறந்த வடிவிலுள்ள கோப்பினை வேறு கருவிகொண்டும் திறந்து பார்க்கவியலும்; தேடுவோர்க்கு வழி உண்டு. பூட்டிய கோப்பில் அது பூட்டியவரின் தயவில் உள்ளது.

மேலே கூறிய இரு வகையிலும் இழப்பு எல்லார்க்கும் சமமாக நேர்வதில்லை. ஆங்கிலத்தில் அண்மையில் வெளியான ஆய்வுக் கட்டுரையொன்றுக்கு நிலையான எண்ணடையாளம் உண்டு. 2000ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் குரொஸ்ரெஃப் பதிவகம் அதன் விவரங்களைப் பேணுகின்றது. களஞ்சியம் முழுவதும் அழிந்தாலும் அவ்வெண்ணை இட்டதும் ஆசிரியர், தலைப்பு, தொகுதி, பக்கம் யாவும் நொடியில் வந்து சேரும். அது உண்மையில் ஆய்வாளரின் உழைப்பன்று. ஒருமுறை பொத்தானை அழுத்தி இறக்கியதை இன்னொருமுறை இறக்குவதே. 1966இல் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’யில் வந்த ஒரு கட்டுரைக்கோ, 1975இல் தோன்றிய ‘அலை’யின் ஓர் இதழுக்கோ, பாடசாலை ஆண்டுமலர் ஒன்றிற் புதைந்த ஒரு நினைவுரைக்கோ அத்தகைய எண் எதுவும் இடப்பட்டதில்லை. அவற்றை ஆய்வாளர் ஒருவர் இதழை நேரிற் பார்த்து, பக்க எண்ணைத் தம் கண்ணாற் கண்டு, கையாற் பதிந்திருப்பார். பதிப்பு மாற்றத்தில் அப்பதிவு தவறுமாயின் அதனை மீளத் தரும் பதிவகம் உலகில் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கி ஆவணத்துக்கு ஓர் எண் இட்டு வருதல் இவ்விடத்துப் பெருந்துணை. எனினும் அவ்வெண் இதழைச் சுட்டுவது, இதழினுள் ஒரு கட்டுரையைச் சுட்டுவதன்று. ஆக, அதிக உழைப்பாற் பெறப்பட்டதே எளிதில் அழிவதும் அரிதில் மீள்வதுமாக உள்ளது.

இது சிறு விடயமன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றுள் அடங்கும். அத்தகைய ஏட்டினை முன்னர் பார்த்து மேற்கோள் காட்டிய ஆய்வாளரின் உசாத்துணைக் குறிப்பு இன்று அவ்வேடு இருந்ததற்கான சான்றாகவே நிற்கின்றது. மூலம் எஞ்சியிருக்கும் சமூகத்தில் உசாத்துணை ஒரு வழிகாட்டிப் பலகை. மூலம் எரிந்த சமூகத்தில் அதுவே மூலத்தின் எச்சம்.

தமிழெழுத்தின் நிலை இச்சிக்கலை மேலும் இறுக்குகின்றது. ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடமுண்டு. ஆனால் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் நீண்ட காலம் பாமினி போன்ற எழுத்துருக்களே ஆட்சி செய்தன. பாமினியில் தட்டச்சான பெயர், கணினியைப் பொறுத்தவரை ரோம எழுத்துக்களும் நிறுத்தக்குறிகளும் கலந்த கோவையே. தமிழாகத் தோன்றுவது எழுத்துருவின் தோற்றம் மட்டுமே. அவ்வாறு பதிந்த உசாத்துணைகளைக் கொண்ட களஞ்சியத்தைப் புதிய பதிப்பொன்று தனக்குரிய எழுத்துருவிற் காட்டும்போது, தமிழ்ப் பெயர்கள் இருந்த இடத்திற் பொருளற்ற எழுத்துக் குவியல் தோன்றும். அதனைக் குப்பையெனக் கருதி நீக்குவோர் உளர். நீக்காது விடினும், தமிழில் தேடுவோர்க்கு அது அகப்படாது.

ஒருங்குறியிலும் பொறிகள் உண்டு. ‘ஸ்ரீ’ என்னும் கூட்டெழுத்தை ஸகரத்தை முதலாகக் கொண்டும் எழுதலாம். 2005இற் சேர்க்கப்பட்ட இன்னொரு வடவெழுத்தை முதலாகக் கொண்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடற்பொறிக்கு இரண்டும் வேறு. ஔகார உயிர்மெய்யின் கடைசிக் குறியை ளகரமாகத் தட்டச்சுவோர் பலர். ‘கௌரி’யைத் தேடுபவருக்கு அவ்வாறு பதியப்பட்ட ‘கௌரி’ ஒருபோதும் அகப்படார். களஞ்சியத்தில் உள்ளதே தவறியதாகத் தோன்றுவது இங்ஙனம்.

பெயரமைப்பும் அவ்வாறே. இம்மென்பொருட்கள் யாவும் மேலைநாட்டுக் குடும்பப் பெயர் வழக்கத்தை அடித்தளமாகக் கொண்டவை. பதிப்பு மாறுங்காலத்துப் பலர் ஒரு மென்பொருளினின்று இன்னொன்றுக்கும் பெயர்வதால், பெயர்கள் பொதுவடிவக் கோப்பொன்றின் வழியே சென்று மீளப் பிரிக்கப்படுகின்றன. ‘க. கைலாசபதி’ எனப் பதிந்தால் கடைச்சொல் குடும்பப் பெயராகி, தற்செயலாக எல்லாம் சரியாக அமையும். ‘கைலாசபதி க.’ எனப் பதிந்தாலோ ‘க.’ என்பதே குடும்பப் பெயராகிப் பேராசிரியர் பட்டியலில் வேறிடத்துக்குப் போய்விடுவார். டொமினிக் ஜீவா ஜகர வரிசையிற் சேர்வார். சொட்டேரோவில் பெயரை ஒரே புலமாகப் பதியும் வசதி உண்டு. தமிழ்ப் பெயர்க்கு அதுவே ஏற்றது. ஆனால் அதனை நாடிச் சென்று தெரியவேண்டும், இயல்புநிலை நம்முடையதன்று.

நம் பக்கத்துக் குறையையும் மறைத்தல் ஆகாது. முற்போக்கு இலக்கியத் திறனாய்வு வீறுற்ற காலத்திற்கூட, பக்க எண்ணின்றியும் பதிப்பாண்டின்றியும் ‘அறிஞர் ஒருவர் கூறுவர்’ என எழுதிச் சென்றோர் பலர். கருத்தே முதன்மை, குறிப்பு அலங்காரம் என்னும் மனப்பாங்கு அதிற் தொழிற்பட்டது. உசாத்துணை என்பது ஆசிரியர் தம் கூற்றைச் சோதிக்க வாசகருக்கு வழங்கும் உரிமை. அதனைத் தரமறுப்பது ஒருவகை அதிகாரமே. மென்பொருள் வந்தபின் குறிப்புக்கள் நிறைவாக வருகின்றன. ஆனால் அவை தனிமனிதரின் பூட்டிய பெட்டிக்குள் இருக்கின்றன. ஒரே துறையில் ஐவர் ஒரே ‘மல்லிகை’ இதழின் விவரத்தை ஐந்து முறை தட்டச்சுகின்றனர்; ஐவரும் தனித்தனியே அதனை இழக்கின்றனர்.

தமிழ்த் துறைகளும் தமிழ்ச் சங்கங்களும் தம் மாணவரின் கையாற் பதிந்த தமிழ் உசாத்துணைகளை ஆண்டுதோறும் பொதுவடிவக் கோப்பாகவும் வெற்றெழுத்துக் கோப்பாகவும் ஏற்றுமதி செய்வித்து ஒருங்கே பேணுவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. வெற்றெழுத்துக் கோப்பு எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பையும் சாராதது. அச்சிட்டு அலுமாரியில் வைப்பினும் பயன்படும். பாமினியில் உள்ள பட்டியல்களை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின்னர் ஒவ்வொரு பெயரையும் ஆண்டையும் பக்கத்தையும் மூல இதழோடு வைத்து ஒப்புநோக்கும் வேலை மட்டும் நிரலால் ஆவதன்று; அதற்கு இதழைக் கையிற் கொண்ட ஒருவரும் அவருக்கு வாசித்துக் காட்ட இன்னொருவரும் வேண்டும்.